மங்களம் பாடாத மிஷின்

உள்ளாற வாங்க சாமி. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது அவரு நாற்காலி. இதுல உக்காருங்க. பைய ஓரமா வைங்க. உடுக்கைய இப்ப எடுக்காதீங்க, எலுமிச்சம்பழத்தையும் அறுத்துறாதீங்க. பேயோட்டப் பஸ்ஸு ஏறி வந்த கோடாங்கிய வாசல்லயே நிப்பாட்டுற வீடு இல்ல இது, காபி கலந்து வெச்சிருக்கேன், குடிங்க. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. அப்புறம் அடிக்கணும்னா அடிங்க, வேண்டாம்னா எந்திரிச்சுப் போங்க.

ஜெயக்கொடி உங்ககிட்ட என்ன சொன்னா? செத்தவரு வீட்டை விட்டுப் போகல, பாட்டுப் பெட்டியில வந்து உக்காந்திருக்காருன்னு சொன்னாளா? சொல்லியிருப்பா. எதிர்வீட்டுக்காரியாச்சே, ஒண்ணு சொன்னா ஒம்பதாக்குவா. ஆனா இந்த விசயத்துல அவ கூட்டிச் சொல்லியிருக்க மாட்டா, குறைச்சுத்தான் சொல்லியிருப்பா. நானே அவகிட்ட முழுசாச் சொல்லல.

அந்தா, சன்னலோரம் துண்டு போட்டு மூடியிருக்கே, அதுதான் சாமி. ரெக்கார்டு பிளேயரு. கிட்டப் போகாதீங்க. சரி, போங்க, உங்களுக்கு என்ன பயம். எனக்குத்தான் பயம். நேத்து அதை நானே கழட்டி நானே மாட்டினேன். ஆனாலும் பயம் போகல. அதத்தான் சொல்ல வாரேன்.

எங்க வீட்டுக்காரரு ஐப்பசி அடைமழையில தவறினாரு. கூட்டுறவு ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்தவரு. தங்கமான மனுசன், அதை முதல்ல சொல்லிர்றேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என் மேல ஒரு நாள் கை வெச்சது கிடையாது. கோவம் வந்தா பேச மாட்டாரு, அவ்வளவுதான். பேசலைன்னா மாசக்கணக்குல பேச மாட்டாரு. ஒருக்கா தைப்பொங்கலுக்கு ஆரம்பிச்சது, பங்குனி உத்திரம் வரைக்கும் போச்சு. சாப்பாட்டுத் தட்டை லேசா நகட்டுவாரு, சோறு வேணும்னு நம்மளாப் புரிஞ்சுக்கிறணும். அடிச்சாக்கூட அழுது தீத்துறலாம்மான்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். 'கொழுப்புடி உனக்கு'ன்னுட்டா. நியாயம்தான. எத்தனை பேரு அடிபட்டுச் சாகுறாளுக. எனக்குக் கொழுப்புத்தான்.

அவருக்குன்னு இருந்த ஒரே ஆசை இந்த மிஷின்தான். வெளிநாட்டுச் சாமான். கப்பல்ல வேலை பாத்த ஒருத்தரு ஊருக்கு வந்தப்ப அவருகிட்ட வாங்கினது. நம்ம ஊரு ரெக்கார்டெல்லாம் தேடித்தேடிச் சேத்தாரு, எல்லாம் கச்சேரிப் பாட்டு, பெரிய தட்டு. அது பாடுறப்ப நான் முன்ரூமுக்கு வரக்கூடாது. நடந்தா தரை அதிருமாம், ஊசி குதிக்குமாம். அடுப்படியில நின்னுக்கிட்டே கேப்பேன். தாளிக்கிறது, அரைக்கிறது எல்லாம் பாட்டு முடிஞ்ச பெறகுதான். தூசி துடைக்கிறதும் அவருதான். என் கை பட்டாக் கெட்டுரும்பாரு.

இன்னொரு வழக்கம் சாமி. கச்சேரி ரெக்கார்டுல கடைசியா மங்களம் வரும்ல, அதை மட்டும் அவரு கேக்கவே மாட்டாரு. அதுக்கு முன்னாலயே எந்திரிச்சு ஊசியத் தூக்கிருவாரு. வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. 'என்னங்க இது, மங்களம் பாடாம எந்திரிக்கக் கூடாதும்பாங்க, நீங்க மங்களத்தை மட்டும் விட்டுர்றீங்க?' அவரு சொல்லுவாரு, 'மங்களம் பாடிட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நம்ம வீட்டுல சங்கீதம் முடியக் கூடாது.' எப்பேர்ப்பட்ட பேச்சு பாத்தீங்களா! வந்தவங்க அதை நாலு பேருகிட்டச் சொல்லுவாங்க. எனக்கும் பெருமையா இருக்கும். என் மக வினோதினி ஓசூர்ல இருக்கா, அவளும் இன்னைக்கு வரைக்கும் டிவியில கச்சேரி வந்தா மங்களத்துக்கு முன்னால அணைச்சுருவா. மாமியா கேட்டதுக்கு, எங்க வீட்டு வழக்கம்னு சொல்லியிருக்கா.

எனக்கும் ரெக்கார்டு உண்டு. சினிமாப் பாட்டு, சின்னத் தட்டு. எங்க அண்ணன் என் கல்யாணத்துக்குக் கொடுத்தான். சின்னத் தட்டுன்னா ஊசி வெளியோரத்துல ஓடாது, உள்ளுக்குத் தள்ளியேதான் ஓடும், உங்களுக்குப் புரியுதுல்ல? வந்த புதுசுல அதெல்லாம் இந்த மிஷின்ல நல்லாத்தான் பாடுச்சு. லீவு நாள்ல எனக்காக அவரே ஒண்ணு போடுவாரு. பெறகு ஒரு நாள் பாதிப் பாட்டுல கை, அதாங்க ஊசி மாட்டியிருக்கிற கம்பி, அதைக் கைன்னுதான் சொல்லுவோம், அது சர்ருனு வெளிய ஓடி வந்துருச்சு. திருப்பி வெச்சாரு. திருப்பி ஓடி வந்துச்சு. மிஷினைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. 'உன் குப்பைப் பாட்டைப் போட்டுப் போட்டு மிஷினே வீணாப் போச்சு'ன்னாரு. அதுக்கப்புறம் கார்த்திகை தீபம் வரைக்கும் பேச்சு கிடையாது. நானும் நான்தான் கெடுத்தேன்னு நம்பிட்டேன். ரெக்கார்டைப் பழைய சேலையில சுத்தி அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சவதான்.

அவரு போய், காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க கலைஞ்சு போயி, வீட்டுல நான் ஒருத்தி. தை மாசம் சுவத்துக்கு வெள்ளையடிக்கப் பானைய நகத்தினேன், ரெக்கார்டு கைக்கு வந்துச்சு. காலையில வெயிலு, வாசல்ல காய்காரி சத்தம், பயப்படுற நேரமா அது? சும்மா ஒண்ணப் போட்டுப் பாப்பமேன்னு போட்டேன். பாடுச்சு சாமி. அம்மாடி, எப்பிடிப் பாடுச்சுங்கிறீங்க! ரெண்டாவது சரணம் வந்துச்சு. கை சர்ருனு வெளிய ஓடி வந்துருச்சு.

திரும்ப வெச்சேன். அதே சரணம், அதே எடம், அதே மாதிரி. யாரோ மணிக்கட்டைப் புடிச்சுத் தள்ளுற மாதிரி இருந்துச்சு. வேற ரெக்கார்டு போட்டேன், அதுலயும் அப்பிடித்தான். நான் வாய்விட்டுச் சொன்னேன், 'மன்னிச்சுக்கங்க, தெரியாமப் போட்டுட்டேன்'னு. யாருமில்லாத வீட்டுல சத்தமாச் சொன்னேன் சாமி. பெறகு அவரோட கச்சேரி ரெக்கார்டு ஒண்ணை எடுத்து வெச்சுப் பாத்தேன். குதிக்கல, ஓடல, கல்லு மாதிரி நின்னு பாடுச்சு. மங்களத்துக்கு முன்னால நானும் அவரு மாதிரியே தூக்கிட்டேன். அவரு பாட்டுன்னா பாடுது, என் பாட்டுன்னா புடிச்சுத் தள்ளுது. நீங்களே சொல்லுங்க, மனுசி என்ன நினைப்பா?

அன்னையில இருந்து நான் இந்த வீட்டுல நானா இல்ல. முன்ரூம்ல பூனை மாதிரி நடந்தேன். டிவிய வெக்கிறதில்ல. காலையில சக்கரை கம்மியா ஒரு காபி கலந்து மிஷின் பக்கத்துல வைப்பேன், ஆறினதும் செடிக்கு ஊத்துவேன். கடைக்குப் போறதுன்னா, 'போயிட்டு வாரேங்க'ன்னு சொல்லிட்டுப் போவேன். வந்ததும் 'வந்துட்டேங்க.' லேட்டாயிட்டா ஏன் லேட்டுன்னும் சொல்லுவேன். பூக்காரிகிட்டப் பேசிக்கிட்டு நின்னுட்டேன், கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லுவேன். சிரிக்காதீங்க சாமி. உயிரோட இருந்தப்பவும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அதனால புதுசா ஒண்ணும் தெரியல.

அக்கினி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரம்தான் அது நடந்துச்சு. பட்டப்பகல், மத்தியானம். வெளிய தீயாக் கொளுத்துது. நான் அந்தா அந்த நிலைப்படிகிட்டத் தலைய வெச்சுப் படுத்திருக்கேன். மிஷின் ஓடல, வயரு கூட மாட்டல. 'டொக்'குன்னு ஒரு சத்தம். தலையத் தூக்கிப் பாத்தா, தாங்கியில சாஞ்சிருந்த கை தானா வெளிய வந்து தலை குப்புறக் கிடக்கு. நான் கண்ணால பாத்தேன், இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு!

செருப்பு மாட்டல, கதவைச் சாத்தல, ஓடினேன். சிமெண்டு ரோட்டுல பாதம் பொசுங்கி ஜெயக்கொடி வீட்டுல போயி விழுந்தேன். மூணு நாளு காய்ச்ச. அவ வீட்டுலயே படுத்துக் கிடந்தேன். அப்பத்தான் அவ அவங்க ஊருக் கோடாங்கி உங்களைச் சொன்னா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதேன்னா.

அதுக்குள்ள ஓசூருக்கும் சேதி போயிருச்சு. வினோதினி போன்ல ஒரே அழுகை, ஒரே சத்தம். 'தனியா இருந்து உனக்கு மூளை கலங்கிருச்சும்மா. வீட்டைப் பூட்டு. ஞாயித்துக்கிழமை உன் மாப்பிள்ளை வேனோட வர்றாரு, சாமானை ஏத்திக்கிட்டு நீயும் வந்துரு. வீட்டை வாடகைக்கு விட்டுறலாம்'னா. மாப்பிள்ளையும் நல்லவருதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா ஓசூர்ல எனக்கு என்ன சாமி இருக்கு? சோபாவுல படுக்கணும். அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னால நான் எந்திரிக்கணும், அவங்க படுத்த பெறகு நான் படுக்கணும். இந்த வீட்டுல இப்பத்தான், பயந்துக்கிட்டேன்னாலும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு எனக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பு வெக்கிறேன். அவருக்கு வாடை ஆகாதுன்னு இத்தனை வருசம் வெச்சதில்ல. நான் போகலன்னு சொல்லணும்னா, பயமில்லாம இருக்கேன்னு சொல்லணும். பயந்துக்கிட்டே இருப்பேன், ஆனா இங்கதான் இருப்பேன்னு சொன்னா எந்த மக விடுவா?

நேத்துக் காலையில அவதான் போன்ல சொன்னா, 'அம்மா, முதல்ல அந்தச் சனியனைத் தூக்கிப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போடு.' அப்பாவோட மிஷினைச் சனியன்னு சொல்லலாமாடின்னு கேட்டேன். ஆனா மனசுக்குள்ள சரின்னு பட்டுச்சு. ஜெயக்கொடியத் துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். 'கோடாங்கி வராம நான் தொட மாட்டேம்மா, எனக்குப் பேரப்பிள்ளைக இருக்கு'ன்னு படியிலயே நின்னுட்டா. சரின்னு கந்த சஷ்டி கவசத்தைச் சொல்லிக்கிட்டே, பாம்பப் புடிக்கிற மாதிரி ஒரு சேலையப் போட்டு மிஷினைத் தூக்கினேன். தூக்கினதும் பின்னால என்னமோ தொங்குது, ஆடுது. உசிரே போயிருச்சு எனக்கு. அப்பிடியே கீழ வெச்சுட்டு எட்டி நின்னு பாத்தேன்.

பாத்தா, குண்டு சாமி. இந்தக் கைக்குப் பின்பக்கம் ஒரு குண்டு இருக்கும், குக்கரு வெயிட்டு மாதிரி. முன்னால ஊசி, பின்னால குண்டு, நடுவுல முள்ளு. தராசுதான். தராசுன்னதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. நான் யாரு? பொம்பளைப் பிள்ளைக காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டரு. வேலைக்குச் சேந்ததுல இருந்து ரிட்டையராகுற வரைக்கும் தராசு துடைச்ச கை இது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற தராசு, மூச்சு விட்டாக்கூட ஆடும். அது சாஞ்சா எங்க சாயுதுன்னு பாக்கணும், பயந்து ஓடக்கூடாது. பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கேன்.

குண்டு மாட்டியிருக்கிற பின்கம்பி தனி, முன்கம்பி தனி. ரெண்டையும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் சேக்குது. அந்த ரப்பரு இத்துப் போயி, குண்டு கீழ சரிஞ்சு தொங்குது. விரலை வெச்சேன். அல்வா மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. கருப்பா, பிசுபிசுன்னு. மூக்குகிட்டக் கொண்டு போனேன். தேங்காயெண்ணெய் வாடை.

எண்ணெய்க் கையால ரப்பரைத் தொடக்கூடாதுன்னு எங்க ஃபிலோமினா மேடம் லேப்ல கத்தாத நாள் கிடையாது. எண்ணெய் பட்டா ரப்பரு ஊதி, இளகி, கடைசியில இப்பிடித்தான் ஆகும். ஆனா இந்த மிஷின்ல எப்பிடி எண்ணெய்? யோசிச்சேன். ஆயுத பூசை சாமி! வருசா வருசம் ஆயுத பூசைக்கு அவரு மிஷினைப் பஞ்சுல தேங்காயெண்ணெய் தொட்டு மினுமினுன்னு துடைப்பாரு. துடைச்சுட்டு, குண்டுக்குச் சந்தனம் அப்பி, நடுவுல குங்குமம் வைப்பாரு. அவருதான் வைப்பாரு, என்னையத் தொட விட மாட்டாரு. கும்புட்டுக் கும்புட்டே அதைக் கெடுத்திருக்காரு. என் பாட்டு கெடுக்கல. நான் கெடுக்கல.

பெட்டியோட கீல்ல ஒரு ஆணி தூக்கிக்கிட்டு நிக்கிது. குண்டு சரிஞ்சதும் அந்த ஆணி உசரத்துக்கு வந்துருச்சு. கை உள்ளுக்குப் போகப் போகக் குண்டு அந்தப் பக்கம் திரும்பும், ஆணியில இடிக்கும், இடிச்சதும் கை வெளிய ஓடி வரும். ஆணியில தேஞ்ச தடம் பளபளன்னு இருக்கு. சின்னத் தட்டுன்னா பாதிப் பாட்டுல இடிக்கும். பெரிய தட்டுன்னா எப்ப இடிக்கும்? கடைசிப் பாட்டுல. மங்களத்துல!

இது தற்செயலா இருக்கும், அவருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். சந்தனம் காஞ்சு ஓடு மாதிரி அப்பியிருந்துச்சு, அதைக் கத்தியால சுரண்டினேன். உள்ள ஒரு தீக்குச்சி. தலையக் கிள்ளிட்டு, ரப்பரு மேல வெச்சு, வெள்ளை நூலால சுத்திக் கட்டியிருக்கு. கால் ஒடிஞ்சா மூங்கிப் பத்தை வெச்சுக் கட்டுவாங்கள்ல, அது மாதிரி. கட்டிட்டு, தெரியாம இருக்க அதுக்கு மேல சந்தனம். அவரு முடிச்சு எனக்குத் தெரியும் சாமி, ஆபீஸ்ல ஃபைலுக் கட்டுக்குப் போடுற முடிச்சு. குண்டு அத்து விழாமத்தான் அது தாங்குச்சு, சரிவை நிமித்தல; வெயில்ல ரப்பரு இன்னும் இளகவும், அந்தத் தீக்குச்சியும் பாரம் தாங்காம முறிஞ்சுதான் அன்னைக்கு டொக்குன்னு விழுந்திருக்கு.

இந்தா இங்கனதான், தரையில உக்காந்தேன். பேயி இல்லைன்னு தெரிஞ்சுருச்சுல்ல, சந்தோசப்படணும்ல? எனக்கு அதுக்கு முன்னால வந்த பயமெல்லாம் ஒண்ணுமில்லங்கிற மாதிரி ஒரு பயம் வந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே நீதான் கெடுத்தேன்னு சொன்னாரு, தெரிஞ்சே பேசாம இருந்தாரு. அப்ப வேற எதையெல்லாம் நான் கெடுத்தேன்னு சொன்னாரு? கெணறு வத்தினது நான் வந்த நேரம்னாரு. வினோதினிக்குக் கண்ணாடி போட்டது நான் கர்ப்பத்துல பப்பாளி தின்னதாலன்னாரு. ரெண்டாவது ஒண்ணு தங்கி, அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. நீ மாடிப்படி ஏறினதாலதான்னாரு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் மொட்டை மாடிக்குப் போனதில்ல சாமி. வத்தலைக்கூட முத்தத்துலதான் காயப் போடுறேன். அதுவும் நான் இல்லையோ?

பாவம், அவரையும் சொல்லக்கூடாது. அவருக்கும் பயம் இருந்திருக்கும். அம்புட்டு ஆசையா வெச்சிருந்த பொருளத் தன் கையாலயே கெடுத்துட்டோம்னு ஒரு ஆம்பளை எப்பிடிச் சொல்லுவாரு? கடைக்குக் கொண்டு போனா என்ன செஞ்சீங்கன்னு கேப்பானேன்னு இருந்திருக்கும். நாலு பேரு வந்து உக்காந்து கேக்குற சங்கீதம். அதுக்குத்தான் மங்களம் பாடக்கூடாதுன்னு ஒரு பேச்சை உண்டாக்கிக்கிட்டாரு. நல்லவருதான் சாமி. என்ன, பழியத் தூக்கி வைக்க ஒரு எடம் வேணும்ல மனுசனுக்கு. பக்கத்துல நான் இருந்தேன்.

சரி, அழுதா ரப்பரு ஒட்டுமா? எந்திரிச்சேன். அவரு படுக்கையில கிடந்தப்ப வாங்கினதுல பிரிக்காத பாக்கெட்டு ஒண்ணு அலமாரியில இருந்துச்சு. மூத்திரப் பைக்கு மாட்டுற குழாய். முகத்தைச் சுளிக்காதீங்க, புதுசுதான், மிஷினுக்குத் தெரியவா போகுது. பழைய பிசினெல்லாம் ஸ்பிரிட்டு தொட்டுச் சுத்தமாத் துடைச்சேன். குழாயில விரக்கடை அளவு வெட்டி, டம்ளர்ல கொதிக்கிற தண்ணிய ஊத்தி அதுல போட்டேன். இளகுச்சு. சூட்டோட ரெண்டு கம்பியையும் ரெண்டு பக்கமும் செருகினேன். ஆறினதும் கவ்விப் புடிச்சுக்கிச்சு. நேரா நிக்கிதான்னு ஒரு நூலை இழுத்துப் புடிச்சு ஒத்தைக் கண்ணால பாத்தேன். முன்கம்பியும் பின்கம்பியும் ஒரே கோடு. ஆணிக்கு மேல ஒரு விரல் புகுந்து வர்ற மாதிரி இடைவெளி.

பெறகு சமன் பாத்தேன். குண்டைத் திருகித் திருகி, கை தராசு முள்ளு மாதிரி அந்தரத்துல நேரா நிக்கிற வரைக்கும். நின்னுச்சு சாமி! மேலயும் போகல, கீழயும் போகல. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அதுக்கப்புறம் ஊசிக்கு இத்தினியூண்டு பாரம் வேணுமில்லையா, அதுக்காகக் குண்டை ஒரு பொட்டு முன்னால திருகி விட்டேன். அம்புட்டுத்தான் வேலை.

போட்டுப் பாத்தியான்னு கேக்குறீங்க. இல்ல. நேத்து மத்தியானத்துல இருந்து துண்டைப் போட்டு மூடி வெச்சுட்டு அதைச் சுத்திச் சுத்தி வாரேன். ரெக்கார்டைக் கையில எடுக்குறேன், திரும்ப வெச்சுர்றேன். ஒரு வேளை இத்தனையும் செஞ்ச பெறகும் அது என் பாட்டைத் தள்ளுச்சுன்னா? அப்ப நான் எங்க போவேன்? ஓசூருக்குத்தான் போவேன். ஜெயக்கொடி நீங்க வந்துட்டீங்கன்னு சொன்னப்ப வேண்டாம்னு திருப்பி அனுப்பிறலாமான்னு யோசிச்சேன். பெறகு நினைச்சேன், இருக்கட்டும், எத்தனையோ பேயப் பாத்த மனுசன், ஒரு பாட்டு முடியிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கட்டும்னு. உடுக்கை வேண்டாம் சாமி. சும்மா உக்காந்திருங்க. அது போதும்.

இந்தா, துண்டை எடுத்துட்டேன். ரெக்கார்டு இது. எங்க அண்ணன் பேனாவுல என் பேரை எழுதியிருக்கான் பாருங்க, தனபாக்கியம்னு. சுத்துது. வெக்கட்டுமா? நீங்க எந்திரிச்சுறாதீங்க. முருகா.

பாடுது.

பேசாதீங்க, பேசாதீங்க. நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன், இருக்கட்டும், பேசலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். இது பல்லவி. இப்ப முதல் சரணம் வரும். வந்துருச்சு. இந்தப் புல்லாங்குழலைக் கேளுங்க, அடுப்படியில நின்னு கேட்டா இது கேக்காது. முன்ரூம்ல உக்காந்து கேட்டாத்தான் கேக்கும். இப்ப ரெண்டாவது. இதுதான் சாமி அந்த எடம். குண்டைப் பாருங்க, எனக்குப் பாக்க முடியல, நீங்க பாத்துச் சொல்லுங்க. ஆணிகிட்டப் போகுதா? போகுதா? தாண்டிருச்சா? தாண்டிருச்சு! ஐயா தாண்டிருச்சு! அந்த வரி வந்துருச்சு, இந்த வரியக் கேட்டு எத்தனை வருசமாச்சு, வார்த்தைகூட மறந்து போச்சு எனக்கு, இதுக்கு அடுத்தது என்னன்னா...

ஐயோ.

பாத்தீங்களா. பாத்தீங்களா சாமி. மிஷின் ஒண்ணும் செய்யல. நான்தான் ஊசியத் தூக்கிட்டேன். என் கைதான். வெளிய ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சுல்ல? அது ஜெயக்கொடி மகன் வண்டி. எனக்குத் தெரியுது, சத்தம்கூட வேற. காதுக்குத் தெரியுது, கைக்குத் தெரியல.

மிஷின் கெடுறதுக்கு முன்னாலயெல்லாம் நான் காலேஜ்விட்டு நாலு மணிக்கு வந்துருவேன். அவரு வர ஆறாகும். வீட்டு வேலையெல்லாம் முடிச்சு, அவரு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் தெரியாம ஒரு பாட்டுப் போடுவேன். முக்குல அவரு வண்டி திரும்புற சத்தம் கேட்டா இந்தக் கை தானாப் போயி ஊசியத் தூக்கும். அவரு கதவைத் தட்டுறப்ப நான் அடுப்படியில காபிக்குத் தண்ணி வெச்சிருப்பேன். ஒரு நாள் மாட்டினதில்ல. அதனாலதான் முக்காவாசிப் பாட்டோட முடிவு எனக்குத் தெரியாது.

அவரு போயி எத்தனை மாசமாச்சு. எரிச்சு, சாம்பலைக் கரைச்சு, திவசத்துக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்கோம். இன்னும் இந்தக் கை அவரு வண்டிக்குக் காது குடுத்துக்கிட்டு நிக்கிது பாருங்க.

உங்க பையில மந்திரிச்ச கயிறு இருக்குமில்லையா? மிஷினுக்கு வேண்டாம், அது நல்லாருக்கு. இந்தக் கைக்குக் கட்டி விடுங்க. பொம்பளைக்கு இடது கையில கட்டணும்ங்கிறீங்களா? ஊசியத் தூக்கினது வலது கைதான், இதுலயே கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க சாமி. ஞாயித்துக்கிழமை வாசல்ல வேன் வந்து நிக்கும். அந்தச் சத்தத்துக்கும் இது பாட்டை நிறுத்தக் கூடாது.